எட்டு மில்லிமீட்டர் பச்சை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வேளச்சேரியில் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து குடியிருக்கும் வீட்டு வாசலுக்கு ஒரு பழுப்புக் காகிதப் பை வந்தது. உள்ளே பால், தக்காளி, கடுகு, நூறு கிராம் ஏலக்காய். ஏலக்காய்ப் பாக்கெட்டின் முகப்பில் மலை, மரம், மூடுபனி. 'காட்டு நிழலில் விளைந்தது, 8 மி.மீ., அடர் பச்சை' என்று போட்டிருந்தது. பின்பக்கம் எறும்பு எழுத்தில் பேக் செய்த ஊர்: போடிநாயக்கனூர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போடி என் ஊர். என் அம்மா இருபது வருஷத்துக்கு மேலாக அங்கே ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறாள். பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"என்ன பாப்பா, ஏலக்காயப் போயி காசு குடுத்து வாங்கிருக்க? சொல்லிருந்தா குடுத்து விட்டுருப்பேன்ல."

"அவசரத்துக்கு வாங்குனதும்மா. காய் நல்லா பச்சையா இருக்குல்ல?"

"இருக்கு இருக்கு. ரொம்பத்தான் பச்சையா இருக்கு" என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

அந்தப் பாக்கெட்டை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். செயலியில் 'ஏலக்காய்' என்று தட்டியதும் ஒரு வரிசை வந்தது. முதலில் 'ஆர்கானிக்' என்ற கட்டத்தை டிக் செய்தேன். விலை எகிறியது. டிக்கை எடுத்துவிட்டேன். பிறகு பெரிய காய், நல்ல பச்சை, மரம் படம் போட்ட உறை என்று கை தானாகப் போய் நின்றது. தனித்தனியாக வாங்கினால் வண்டி இரண்டு தடவை வர வேண்டுமே என்று மற்ற சாமான்களோடு சேர்த்து ஒரே ஆர்டராகப் போட்டேன். வந்தது பிளாஸ்டிக் பை இல்லை, காகிதப் பை என்றதும் மனசுக்குள் ஒரு திருப்தி. பூமிக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட நினைப்பு.

ஆன்லைனில் மளிகை வாங்கும் என் வயதுக்காரர்களிடம் சுற்றுச்சூழல் பற்றிக் கேட்டால் பேச்சு பெரும்பாலும் உறையில் தொடங்கி உறையிலேயே முடிகிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம். குப்பை நம் கண் முன்னால் சேர்கிறது, அதனால் குப்பையைப் பற்றிப் பேசுகிறோம். நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் ஊர்க்காரியாக எனக்கு ஓர் உறுத்தல். உறைக்குள் இருக்கும் பொருளின் நிறமும் அளவும் ஒரு மலையை என்ன செய்திருக்கின்றன என்பது அந்தப் பேச்சில் வருவதே இல்லை. ஏலமலையின் இருநூறு வருஷக் கதையைப் புரட்டினால் ஒன்று தெரிகிறது: எங்கோ தூரத்தில் இருக்கும் வாங்குபவரின் கண்ணுக்கு எது பிடிக்கிறதோ, அதற்கு ஏற்றபடி இந்த மலை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இன்றைக்கு அந்தக் கண் என்னுடையது.

ஒரே ஒரு வாங்குபவர்

போடியில் எந்தத் தெருவில் நின்றாலும் மேற்கே மலை சுவர் மாதிரி எழுந்து நிற்கும். சுவருக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, காய்ந்த சரிவு. போடிமெட்டைத் தாண்டிவிட்டால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம், ஈரமும் பனியும் ஏலக்காயும். விளைவது அங்கே, வியாபாரம் இங்கே. தோட்டத்தில் காய் எடுப்பவர்களும் நெடுங்காலமாக இங்கிருந்து மலையேறிப் போனவர்கள்தான். இன்றும் விடியற்காலையில் போடி, தேவாரம், கம்பம் பக்கமிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலையேறும்.

அப்போது அந்த மலை திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் கையில் இருந்தது. 1822-இல் ராணி கௌரி பார்வதி பாயின் ஆட்சியில் ஏலச் சாகுபடியை ஊக்குவித்து அரசாணை வந்தது. கீழே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடியிலிருந்தும் ஏறிப்போன குடியானவர்கள் பெரிய மரங்களை விட்டுவிட்டு, அடியில் இருந்த புதரை மட்டும் வெட்டி ஏலம் வளர்த்தார்கள். ஆனால் விளைந்த காயை அவர்கள் இஷ்டத்துக்கு விற்க முடியாது. ஏலக்காய் வியாபாரம் சமஸ்தானத்தின் ஏகபோகம். காய் முழுதும் சர்க்காரிடம் போய்ச் சேர வேண்டும். விலையில் ஒரு பங்குதான் குடியானவருக்கு. சர்க்கார் அதை ஆலப்புழைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் விற்றது.

சர்க்கார் கொடுக்கும் விலை ஒன்று, வெளியே கிடைக்கும் விலை இன்னொன்று என்று இருந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. கணவாய் வழியாக இருட்டில் காய் கீழே இறங்கியது. அதைத் தடுக்க காவல் போடப்பட்டது. ஏலமலையைக் கவனிக்கவே தனி சூப்பரிண்டெண்ட் நியமிக்கப்பட்டார். அந்தப் பதவியில் இருந்த ஜே.டி. மன்றோதான் 1877-இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலையை வாங்கி, பின்னாளில் மூணாறில் தேயிலை பரவ வழி போட்டவர். ஏகபோகம் 1896-இல் முடிவுக்கு வந்தது. அதன் பிறகு விளைச்சலில் பங்குக்குப் பதிலாக நிலத்துக்கு வரி.

இந்தக் காலம் முழுக்க மலைக்கு ஒரே ஒரு வாங்குபவர்தான். அவருக்குப் பணம் வேண்டியிருந்தது, காடு வேண்டும் என்று அவர் தவம் கிடக்கவில்லை. ஆனாலும் காடு பிழைத்தது. காரணம், ஏலச்செடியின் குணம். வெயில் நேராகப் பட்டால் அது தாங்காது. மேலே மரம், கீழே சருகு, நடுவில் ஈரம் இருந்தால்தான் வாழும். பக்கத்து மலைகளில் தேயிலைக்காகக் காடு மொட்டையடிக்கப்பட்டபோது, ஏலமலையில் மரங்கள் நின்றன. 1897 ஆகஸ்டில் ஏலமலைக் காப்புக்காடு அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பில் இருந்த பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்று இன்றுவரை உச்சநீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. முன்னால் இருக்கும் ஒரே ஓர் இலக்கத்தில் இரண்டு லட்சம் ஏக்கர் நிற்கிறது. அது காடா, தோட்டமா என்பதுதான் கேள்வி. எனக்குத் தெரிந்து இரண்டுமாக இருக்க முடிந்த பயிர் ஏலம் ஒன்றுதான். சரியாகச் சொன்னால், ஒரு காலத்தில் முடிந்தது.

ஏலக்காய் வெள்ளையாக இருந்த காலம்

நல்ல ஏலக்காய் என்றால் பச்சை என்று நமக்கு யார் சொன்னது? நான் அதை ஏதோ இயற்கை விதி மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை.

வெயிலில் காயவைத்த ஏலக்காய் வைக்கோல் நிறத்துக்கு வரும். பழைய ஏற்றுமதிச் சந்தையில் அதைவிட வெளுத்த காய்க்கு மவுசு இருந்தது. ஐரோப்பாவில், குறிப்பாக ஏலக்காய் போட்டு ரொட்டி சுடும் ஸ்காண்டிநேவிய நாடுகளில், வெளுப்பு ஏலக்காய்தான் சுத்தமான ஏலக்காய். அதற்காகவே கந்தகப் புகை காட்டி வெளுத்தார்கள். கர்நாடகத்தில் ஹாவேரி என்ற ஊர் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் காயைக் கழுவி வெளுப்பதற்குப் பேர் போனது. இன்று அந்த ஊர் ஏலக்காய் மாலைக்குப் பிரபலம். மேடையில் தலைவர்கள் கழுத்தில் விழுகிற மாலை அது.

பிறகு சந்தை மேற்கிலிருந்து வளைகுடாவுக்கு நகர்ந்தது. அரபு நாடுகளில் விருந்தாளி வந்தால் ஏலக்காய் போட்ட 'கஹ்வா' கொடுப்பது மரியாதை. அவர்களுக்குக் காய் பச்சையாக இருக்க வேண்டும், பெரிதாக இருக்க வேண்டும். பழைய துறைமுகத்தின் பெயரைச் சுமந்த 'ஆலப்பி கிரீன்' என்ற ரகம் சந்தையை ஆண்டது. அதிலும் 7 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் 'எக்ஸ்ட்ரா போல்டு', அதற்குக் கீழே 'போல்டு', அதற்கும் கீழே 'சுப்பீரியர்'. பெயர் உயர்வாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது, மூன்றில் கடைசி அதுதான்.

பச்சை சும்மா வராது. பறித்த காயை ஒரு நாளைக்குள் ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்றுதான் பெயர். வெளிச்சம் படாமல் 50 டிகிரி சுற்றுவட்டாரச் சூட்டில் ஒரு நாள் போல வாட்ட வேண்டும். அதற்கு விறகு. நிறம் நிற்பதற்காக, உலர்த்துமுன் இரண்டு சதவீதச் சலவைச் சோடாக் கரைசலில் பத்து நிமிஷம் ஊறவைப்பதும் உண்டு. ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ தேறும். செயற்கைச் சாயம் சேர்ப்பது சட்டப்படி குற்றம். ஆனாலும் எங்கேயாவது சேர்க்கிறார்கள் என்ற பேச்சு அடங்கியதில்லை. அம்மா அந்த 'ரொம்பத்தான்' என்றபோது அவள் மனதில் ஓடியது இதுதான்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. வாசனை தோலில் இல்லை, உள்ளே இருக்கிற கறுப்பு விதையில் இருக்கிறது. செடியிலேயே நன்றாகப் பழுத்த காய் மஞ்சளாகும், உலர்த்தும்போது வெடிக்கும். அதன் விதைதான் நன்கு முற்றியது. ஆனால் சந்தையில் அது கழிவுக்கு அடுத்த படி.

சல்லடை

பள்ளி விடுமுறையில் அம்மாவோடு கிடங்குக்குப் போயிருக்கிறேன். தரையில் வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் குவியல். சல்லடையில் போட்டு அளவு பிரித்த பிறகு, கையால் பொறுக்குவார்கள். வெடித்தது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், பூச்சி கடித்தது ஒரு பக்கம். அம்மாவின் விரல் குவியலுக்குள் ஓடும்போது கண்ணால் பின்தொடர முடியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சேலை, தலைமுடி, டிபன் பாக்ஸ் எல்லாம் ஏலக்காய் மணக்கும். பள்ளிக்கூடத்தில் என் புத்தகமும் மணக்கும். எனக்கு அப்போது அது வெட்கமாக இருந்தது.

ஒருநாள் கேட்டேன். "வெடிச்சதும் நல்லாத்தானம்மா மணக்குது, அதை ஏன் தள்ளுற?"

"வாங்குறவன் மூக்கால வாங்கல பாப்பா, கண்ணால வாங்குறான்."

அம்மா சொன்னது ஏலக்கூடத்துக்கும் பொருந்தும். நம் மொழியில் பயிருக்கும் ஏலம் என்றுதான் பெயர், கூவி விற்பதற்கும் ஏலம் என்றுதான் பெயர். 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏலக்காய் வாரியம் வந்தது. 1987-இல் அது நறுமணப் பொருள் வாரியத்துக்குள் அடங்கியது. முன்பெல்லாம் கூவி ஏலம் விட்டார்கள். 2007-ஐ ஒட்டி மின்னணு ஏலம் வந்தது. இன்று இடுக்கியில் புற்றடியிலும் கீழே போடியிலும் வியாபாரிகள் கணினி முன் உட்கார்ந்து விலை தட்டுகிறார்கள். அப்போதும் மாதிரிக் காய் கைக்கு வரும், உரசிப் பார்க்கலாம், கடித்துப் பார்க்கலாம். செல்போனில் வாங்குகிற எனக்கு அதுவும் கிடையாது. ஒரு படம், ஓர் அளவு, ஒரு நட்சத்திர எண்ணிக்கை. மூக்கு முழுசாக வேலை இழந்துவிட்டது.

மரம் கொஞ்சம் வெளிச்சம் விட்டது

1914 வாக்கில் ஆஸ்கர் மாயுஸ் க்ளோஃபர் என்ற ஜெர்மானிய காப்பித் தோட்டக்காரர் குவாதமாலாவுக்கு ஏலக்காயைக் கொண்டுபோனார். அந்த நாட்டில் ஏலக்காயைச் சாப்பிடுகிறவர்கள் அநேகமாக இல்லை, விளைந்ததெல்லாம் ஏற்றுமதிக்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே சாகுபடி பெருகி, 1980-களில் வளைகுடாச் சந்தையை இந்தியாவிடமிருந்து பறித்துக்கொண்டது. இங்கே விலை விழுந்தது. தோட்டக்காரர் தப்பிக்க ஒரே வழி, அதே ஏக்கரில் அதிகக் காய், அதுவும் பெரிய காய்.

அந்த நேரத்தில் இடுக்கி விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தன் தோட்டத்திலேயே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய 'ஞள்ளானி' ரகம் வந்தது. பழைய ரகங்களைவிடப் பல மடங்கு விளைச்சல், பெருத்த பச்சைக் காய். ஒரு விவசாயி ஆய்வுக்கூடம் இல்லாமல் செய்த சாதனை அது, அதில் சந்தேகமில்லை. சில ஆண்டுகளில் ஏலமலையின் பெரும்பகுதியை அதுவே நிரப்பியது. பழைய செடி அடர்ந்த நிழலில் வாழும். இதற்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும், உரம் வேண்டும், தண்ணீர் வேண்டும். நிழல் மரங்களின் கிளைகள் கழிக்கப்பட்டன. ஒரே ரகம் நெருக்கமாக நின்றால் பூச்சிக்குக் கொண்டாட்டம். தண்டுத் துளைப்பானும் இலைப்பேனும் வந்தன. மருந்தடிப்பும் கூடியது.

இலைப்பேனை இங்கே கவனிக்க வேண்டும். அது சுரண்டிய காயின் தோலில் சொரி விழும். தோல்தான் கெடுகிறது. தோல்தான் நாம் பார்ப்பது. ஆக, மலையில் அடிக்கப்படும் மருந்தில் ஒரு பங்கு நம் கண்ணுக்காக அடிக்கப்படுகிறது. அதே ஏலப்பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது தேனீ. மருந்து பூச்சியைப் பார்த்து, தேனீயைப் பார்த்து விலகிப் போகாது. காய் எடுக்கப் போகும் பெண்களைப் பார்த்தும் விலகாது. என் பெரியம்மா ஜீப்பில் மலைக்குப் போன காலத்தில், ராத்திரி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் சாதத்தைத் தொடுவாள். "மருந்து நாத்தம் போக மாட்டேங்குது" என்பாள். அவள் எந்த மருந்தின் பெயரையும் தெரிந்து வைத்திருக்கவில்லை.

கணக்கு திரும்பி வந்தது. 2018 வாக்கில் சவூதி அரேபியா மருந்து எச்சத்தைக் காரணம் காட்டி இந்திய ஏலக்காயை நிறுத்தியது. பச்சை வேண்டும் என்று கேட்ட அதே சந்தைதான். 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் எச்சம் அளவு மீறியிருப்பதாகச் சோதனையில் வந்தது. கேரள உயர்நீதிமன்றம் விற்பனையை நிறுத்தச் சொன்னது. 6 லட்சத்துக்கும் அதிகமான டின்கள் சன்னிதானத்தில் தேங்கின. 2024-இல் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனால் அதற்குள் பாயசத்தின் காலம் கடந்துவிட்டது. அது யார் வயிற்றுக்கும் போகவில்லை. அந்த டின்களுக்குள் இருந்த ஏலக்காயும் இதே மலையைச் சுற்றிய வியாபாரத்தின் ஒரு துளிதான்.

விவசாயியை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. 2018 வெள்ளமும் அடுத்த வருஷ வறட்சியும் விளைச்சலைக் கெடுத்த பிறகு, 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் போனது. பிறகு சரிந்தது. இப்படி ஏறி இறங்கும் விலையில், மருந்து குறைத்து, கொஞ்சம் சொரி விழுந்த, சின்ன, வெளிர் காயைக் கொண்டுவரும் சிறு தோட்டக்காரருக்கு நாம் கொடுக்கும் பரிசு என்ன? குறைந்த விலை.

நட்சத்திரங்கள்

ஆன்லைன் ஏலக்காய்ப் பக்கங்களின் கீழே வாடிக்கையாளர் கருத்துகளை உட்கார்ந்து படித்தேன். திரும்பத் திரும்ப ஒரே முறையீடுகள். காய் சின்னதா இருக்கு. படத்துல இருக்கிற பச்சை இல்ல. சிலது வெடிச்சிருக்கு. கூடவே, உறையில் இவ்வளவு பிளாஸ்டிக் எதுக்கு என்ற நியாயமான கோபமும். நாளைக்கு ஏலமலையின் வரலாற்றை எழுதுகிறவர் திருவிதாங்கூர் ஆவணங்களோடு இந்த நட்சத்திரங்களையும் படிக்க வேண்டும். அந்தக் காலத்தில் சர்க்கார் தன் விருப்பத்தை ஆணையாகப் போட்டது. நாம் ஒற்றை நட்சத்திரமாகப் போடுகிறோம். இரண்டும் மலைக்குப் போய்ச் சேர்கின்றன.

அறைத்தோழியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் எரிச்சலோடு கேட்டாள். "அதுக்கு நான் என்னடீ பண்ணட்டும்? காட்டு நிழல்ல விளைஞ்சதுன்னு போட்டிருக்கான். நம்பித்தானே வாங்குறேன்?"

அவள் கேட்டது சரி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், 'இயற்கை', 'பசுமை', 'ஆர்கானிக்' போன்ற சொற்களை ஆதாரமும் விளக்கமும் இல்லாமல் விளம்பரத்தில் போடக் கூடாது என்கின்றன. ஆர்கானிக் என்று கடையில் விற்கும் பொருளில் 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். 'காட்டு நிழல்' என்பதற்கு அப்படி ஒரு முத்திரை இல்லை. ஏலம் எதுவானாலும் ஏதோ ஒரு நிழலில்தான் விளையும். எவ்வளவு நிழல், எத்தனை தடவை மருந்து, எந்த விறகு என்று உறை சொல்லாது. நாமும் கேட்டதில்லை.

ஆனால் நம் கையில் ஒன்று இருக்கிறது. பொடித்து டீயில் போடப்போகிற காய்க்கு எட்டு மில்லிமீட்டர் எதற்கு? பாயசத்தில் தட்டிப் போடும் காய்க்குப் பச்சைத் தோல் எதற்கு? மாலை கட்டுகிறவருக்கு அளவு வேண்டும், சரி. எனக்கு வேண்டாம். உறையைப் பார்க்கும் அதே அக்கறையோடு நிறத்தையும் பார்க்கத் தொடங்கினால், வெளிர் காய் வாங்கலாம், சின்னக் காய் வாங்கலாம், வெடித்த காய் மலிவாகக் கிடைத்தால் சந்தோஷமாக வாங்கலாம். இதனால் மலையில் வெட்டிய கிளை மறுநாளே துளிர்த்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளையிலிருந்து பச்சைக்கு ஒரு முறை மாறிய ரசனை மறுபடியும் மாறக்கூடியது என்று மட்டும் சொல்வேன்.

தீபாவளிக்குப் போடி போயிருந்தேன். 1928-இல் வந்த ரயில், 2010 கடைசியில் அகலப்பாதைக்காக நின்று, 2023 ஜூனில்தான் திரும்ப வந்தது. இப்போது சென்னையிலிருந்து நேராகவே வந்து இறங்கலாம். திரும்பும்போது அம்மா ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பையில் திணித்தாள். உள்ளே வெடித்த காய், வெளுத்த காய், சொரி விழுந்த காய்.

"ஒன் ரூம் பிள்ளைக பாத்துச் சிரிக்கப் போகுது."

"சிரிக்கட்டும்மா."

வேளச்சேரியில் அதில் நாலு காயைத் தட்டி டீ போட்டேன். அறைத்தோழி சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, "எந்த பிராண்டு இது? இப்படி மணக்குது?" என்றாள். பாட்டிலைக் காட்டினேன். ஒரு காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுவா?" என்றாள். பிறகு இன்னொரு டம்ளர் கேட்டாள்.